அளவு வராத அறை

அந்த மருந்துக் கிடங்கின் அலுவலகத்தில் எல்லாரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்கு மட்டும்தான் அண்ணி. அங்கே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, அவள் கணவனின் தம்பிக்கு. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் வாய்தவறி, "அண்ணி, உங்க சீட் இதுதான்" என்று சொல்லித் தொலைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான மேனேஜரும் விதிவிலக்கல்ல. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாள்களை எழுதுவது அவள் வேலை.

தம்பியின் பொறுப்பு குளிர் அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சென்சார் வெப்பநிலையை நிமிடந்தோறும் அனுப்பும். அந்த எண்களைப் பார்த்துப் பதில் சொல்ல அவன் ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருந்தான். பேச்சு வழக்கில் கேட்டால் போதும். அவன் செய்துகொடுத்த சின்னச் சின்ன புரோகிராம் கருவிகளில் பொருத்தமானதை அதுவே எடுத்து, எண்களை வாங்கிப் பார்த்துச் சொல்லும். எந்தக் கருவி எதற்கு என்று அதற்குத் தெரிவது, கூடவே எழுதிவைத்திருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான். கருவிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தவன், விளக்கத்தைப் போகிறபோக்கில் எழுதியிருந்தான்: 'அறையின் அளவீடுகளைத் தரும்.'

ஒரு நாள் காலை, கிடங்கின் மேற்பார்வையாளர் நான்காம் அறை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிரச்சினை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பெட்டி எடுக்க உள்ளே போய்த் திரும்பியவருக்குப் பொறி தட்டியது. எப்போதும் வெளியே வந்ததும் பனி படரும் மூக்குக்கண்ணாடி அன்று தெளிவாக இருந்தது. குளிரூட்டும் இயந்திரமும் சென்சாரும் ஒரே மின்கம்பியில் இருந்தன. கம்பி பழுதாகி இரண்டும் நின்றிருந்தன. ஓடிப்போய் மருந்துகளைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். நல்லவேளையாக மருந்து கெடவில்லை.

உதவியாளரை நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். இது மக்கு, இதைவிடப் பெரிய மாடல் வாங்கினால் சரியாகிவிடும் என்று தம்பி மல்லுக்கட்டினான். அண்ணி மட்டும், அது அன்றைக்கு என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்று காட்டச் சொன்னாள். வரம்பான எட்டு டிகிரியைத் தாண்டிய அளவுகளை மட்டும் அது கேட்டிருந்தது. வெற்றுப் பட்டியல் திரும்பி வந்திருந்தது. எதுவும் தாண்டவில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"ஒண்ணும் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா, சென்சார் நின்னுபோச்சுன்னு அர்த்தமா? உன் விளக்கத்துல எங்க சொல்லியிருக்க?"

"அது கூடவா தெரியாது அண்ணி?"

"செஞ்சது நீ, உனக்குத் தெரியும். அது இப்பதான் வேலைக்கு வந்த ஆள் மாதிரி. கெட்டிக்கார ஆளுதான். ஆனா சொன்னாத்தானே தெரியும்?"

மேனேஜரிடம் கேட்டு விளக்கம் எழுதும் வேலையை அவளே வாங்கிக்கொண்டாள். ஸ்வெட்டர் ஒன்றைக் கடன்வாங்கி மேற்பார்வையாளரோடு குளிர் அறைக்குள் நின்று பார்த்தாள். தம்பியைக் கேள்வியால் துளைத்தாள். டிகிரி எந்தக் கணக்கில்? ஒரு மணி நேரச் சராசரியைக் கேட்டால், நடுவில் பத்து நிமிடம் சூடேறியது தெரியுமா? பாதிக்கு அவனே யோசித்துத்தான் பதில் சொன்னான்.

முதலில் அவள் எழுதியது முழ நீளம் இருந்தது. மருந்துத் தாளைப் போல வரிக்கு வரி எச்சரிக்கை. அதைப் படித்த உதவியாளர் அரண்டுபோய், எதைக் கேட்டாலும் உறுதியாகச் சொல்ல இயலாது, மேற்பார்வையாளரை அணுகவும் என்றது. "மேற்பார்வையாளரே நான்தான்" என்றார் அவர். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்கால்வாசியை அழித்தாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டிருப்போம் என்று தம்பிக்குத் தோன்றியது. அவள் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

மிஞ்சியது இதுதான்: 'ஓர் அறையின் வெப்பநிலையை, செல்சியஸில், நிமிடவாரியாகத் தரும். ஓர் அறை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்று அறிய இதைப் பயன்படுத்து. மாதக் கணக்குக்குச் சராசரிக் கருவி தனியே உள்ளது. வரம்பைத் தாண்டியவற்றை மட்டும் கேட்காதே, எல்லா அளவுகளையும் கேள். எதுவும் வரவில்லை என்றால் அறை நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, சென்சார் பேசவில்லை என்று பொருள். அப்போது கடைசி அளவையும் அதன் நேரத்தையும் சொல்.'

யாரிடமும் சொல்லாமல் மேற்பார்வையாளர் காலி அறை ஒன்றின் சென்சாரைப் பிடுங்கிவிட்டு வந்து, அந்த அறை எப்படி என்று கேட்டார். எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். அந்த அறையிலிருந்து கால் மணி நேரமாக அளவு வரவில்லை, கடைசியாக வந்தது ஐந்து டிகிரி, இப்போதைய நிலை தெரியாது, யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்து மூன்றாம் அறையைக் கேட்டார். நான்கு டிகிரி, நன்றாக இருக்கிறது என்று தடுமாறாமல் சொன்னது.

மாடல் அதேதான். கருவியிலும் ஓர் எழுத்து மாறவில்லை. தம்பி அந்த ஆறு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படித்தான். தன் மனதுக்குள் மட்டும் இருந்ததையெல்லாம் இவ்வளவு சின்ன இடத்தில் இறக்கிவைக்க முடியுமா என்று வியந்தான். மேனேஜர், "ஓடட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து கதவு திறந்து மூடிய நேரங்களைச் சொல்லும் கருவிக்கு அவனே விளக்கம் எழுதி, பெருமையோடு அவளிடம் காட்டினான். நிதானமாகப் படித்தாள்.

"நல்லா வந்திருக்கு தம்பி. கதவு இன்னும் திறந்தே கிடந்தா, மூடின நேரத்துக்கு என்ன வரும்?"

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.