கூரை மேல் சம்பந்தி

சம்பந்தி வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து இறங்க வேண்டிய நாளில், பெண்ணைப் பெற்ற சகிந்திக் கொல்லைக் கக்கூஸின் தகரக் கூரை மேல் குந்தியிருந்தான். புதுக் கோட்டும் சூட்டும், தலையில் நரித்தோல் தொப்பி. கீழே அவனுடைய அண்ணன் ஜோலமனின் ஆண் ஒட்டகம் வாயில் நுரை தள்ள நின்றுகொண்டிருந்தது. அவ்வப்போது கழுத்தை நீட்டிக் கூரை விளிம்பை முகர்ந்து, பல்லை நறநறவென்று கடித்தது. வந்திறங்கும் விருந்தாளிகள் முதலில் தேடுவது கக்கூஸைத்தான், அது சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம் என்று போனவன் அவன். கார்கள் நேராக உள்ளே வரட்டும் என்று வெளிக்கதவை அகலத் திறந்து வைத்ததும் அவனேதான். கார்களுக்கு முன்னால் ஒட்டகம் வந்துவிட்டது. உடம்பில் அவ்வளவு சதையோடு அந்தக் கூரை மேல் எப்படி ஏறினான் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

முந்தின இரவு மகள் மோல்டிர் செல்போனில் ஏதோ பட்டியலைப் பார்த்து வாசித்துக் காட்டியிருந்தாள். மனிதர்களுக்கு மிக ஆபத்தான பிராணி கொசுவாம். அப்புறம் பாம்பு, நாய், முதலை என்று இறங்கிக்கொண்டே போனது. சகிந்திக் ஓநாயைத் தேடினான், எங்கோ கடைசியில் இருந்தது, அதில் அவனுக்கு வருத்தம். அவன் மனைவி நூர்ஜமால் கோடையில் புல்லறுக்கும்போது கடிக்கிற கறுப்புச் சிலந்திக்காகச் சண்டை போட்டாள். ஒட்டகத்தின் பெயரை மூன்று பேருமே எடுக்கவில்லை. மாசி மாதக் குளிரில் ஆண் ஒட்டகங்களுக்கு மதம் ஏறும், கண் சிவக்கும், பிடிக்காதவனைக் கண்டால் துரத்தி முட்டிக்குக் கீழே போட்டு நசுக்கும் என்பதெல்லாம் அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுப் பிராணியை யார் பட்டியலில் சேர்ப்பார்கள்?

சமையலறைச் சன்னல் திறந்தது. ஆட்டுக்கறி வேகும் ஆவியோடு நூர்ஜமாலின் தலை வெளியே வந்தது.

"ஏங்க, கொசு கடிக்குதா?"

"அடியே, விளையாடுற நேரமா இது? என்னோட பழைய துணி ஏதாவது தூக்கிப் போடு. மிதிச்சிட்டுப் போய்த் தொலையட்டும்."

"போட்டிருக்கிற கோட்ட மட்டும் கழட்டிடாதீங்க. கழட்டினீங்கன்னா ஒட்டகம் எதுக்கு, நானே மிதிச்சிடுவேன்."

அங்கே எல்லாரும் அறிந்த வைத்தியம் இது. ஆண் ஒட்டகம் ஒருவன் மேல் கறுவம் வைத்துவிட்டால், அவன் உடுத்திக் கழித்த துணி ஒன்றை அதன் முன்னால் போட்டுவிட வேண்டும். அந்த வாடையை முகர்ந்து, ஆளே கிடைத்துவிட்டான் என்று மிதித்துத் துவைத்து, அத்தோடு மனம் ஆறிப்போகும். அப்புறம் அவன் பக்கத்தில் போனாலும் கண்டுகொள்ளாது. போன இலையுதிர் காலத்திலேயே செய்து முடித்திருக்க வேண்டிய காரியம். அதற்கு ஒட்டகத்துக்காரன் கூட நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒட்டகத்துக்காரனோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே.

நடந்தது இவ்வளவுதான். ஜோலமனின் ஒட்டகம் வேலியை உடைத்துக்கொண்டு வந்து சகிந்திக்கின் வைக்கோல் போரைத் தின்றது. தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு அலுத்து வந்த சகிந்திக் மண்வாரியை எடுத்து அதன் மூக்கில் ஒரு போடு போட்டான். அண்ணன் ஓடி வந்தான். வைக்கோலில் தொடங்கிய பேச்சு, அப்பா போனபின் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது வரைக்கும் போனது. உன் சாமான் ஒன்றுகூட என் வீட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் கொளுத்துவேன் என்று சகிந்திக் கத்தினான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த வேலி மட்டும்தான் நிமிர்ந்து நிற்கிறது. காலைத் தேநீரை அண்ணனோடு குடித்தே பழகியவன், இந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக் குடித்தான். தேநீர் இறங்கவே மாட்டேன் என்றது.

இன்றைக்கு அது வெறும் மனக்கஷ்டமாக இல்லை. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுப் பெரியவர் எங்கே என்பதைத்தான். அவர் மேலிடத்தில் உட்கார்ந்து, கையேந்தி ஆசி சொன்னால்தான் சம்பந்தம் சம்பந்தமாகும். அந்த இடம் காலியாகக் கிடந்தால், அண்ணன் தம்பி ஒட்டாத வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கறியைத் தின்றுவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பிப் போவார்கள். அப்புறம் போன் வராது. மோல்டிருக்கு அந்தப் பையன் மேல் உயிர். சகிந்திக் ஒரு வாரமாகத் தூங்கவில்லை, வேலி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜோலமன் வாசற்படியில் உட்கார்ந்து, கிண்ணத்தில் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஆனாலும் ஆற்றின் பக்கம் ஏதோ அதிசயம் தெரிவதுபோல அங்கேயே பார்த்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும், ஒட்டகம் பூனையாய்ப் போய்விடும். தம்பியும் கூப்பிடவில்லை, அண்ணனும் வரவில்லை.

மாட்டுக் கொட்டகைச் சன்னலிலிருந்து கனத்த பஞ்சுக்கோட்டு ஒன்று பறந்து வந்து ஒட்டகத்தின் காலடியில் விழுந்தது. இருட்டில் ஆணியில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நூர்ஜமால் வீசியிருந்தாள். சகிந்திக் கூரை விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தான்.

"அய்யோ, அதில்லடி!"

ஒட்டகம் கோட்டை முகர்ந்தது. இன்னொரு தடவை ஆழமாக முகர்ந்தது. நறநறப்பு நின்றது. முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, கக்கூஸ் கதவை அடைத்துக்கொண்டு படுத்தது. கழுத்தை நீட்டிக் கோட்டின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. தாயின் முந்தானை கிடைத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு நிம்மதி வராது.

"என்னங்க, மிதிக்கவே இல்ல?" என்றாள் நூர்ஜமால்.

"எப்படி மிதிக்கும்? அது சோறு போடுறவனோட கோட்டு!"

வேலிக்கு அந்தப் பக்கம் கிண்ணம் படியில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஜோலமன் எழுந்தான். வேலி வரைக்கும் வந்தான், நின்றான், பிறகு அன்றைக்கு ஒட்டகம் உடைத்து, ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் அடைபடாமல் கிடந்த அதே சந்து வழியாக உள்ளே வந்தான். ஒட்டகத்தின் தாடைக்குக் கீழே கிடந்ததைக் குனிந்து பார்த்தான். அவன் மனைவி கையால் தைத்துப் போட்ட ஒட்டு முழங்கையில் இன்னும் இருந்தது.

"இது என் கோட்டாச்சே," என்றான், ஒட்டகத்திடம் சொல்வதுபோல.

பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"கொளுத்திடுவேன்னு ஊரே கேக்கக் கத்துனியே."

"மண்ணெண்ணெய் இல்ல," என்றான் சகிந்திக்.

"லாரி ஓட்டுறவன் வீட்ல மண்ணெண்ணெய் இல்ல?"

"இல்லன்னா இல்லதான். என்ன இப்போ?"

ஜோலமன் மூக்கை உறிஞ்சினான். குளிராகவும் இருக்கலாம். தொலைவில், உப்பளத்துப் பாதை திரும்பும் இடத்தில் பனித்தூள் கிளம்பியதைக் கூரை மேலிருந்து சகிந்திக்தான் முதலில் பார்த்தான். மூன்று கார்கள். அவன் எழப் பார்த்தான், தகரம் கடகடத்தது, ஒட்டகம் ஒரு கண்ணைத் திறந்தது.

"அண்ணே, வந்துட்டாங்க."

பேசக் கூடாது என்று இத்தனை மாதம் பிடித்து வைத்திருந்த அந்த 'அண்ணே' அவன் அனுமதியைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. ஜோலமனுக்குக் காது சிவந்தது.

"கோட்டக் கழட்டுடா."

"இது புதுசு. இன்னிக்குத்தான் போட்டேன். இதுல என் வாடை இருக்காது."

"எவ்வளவு நேரமா மேல உக்காந்திருக்க?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"பயத்துல வேர்த்துச்சா?"

"குளிச்ச மாதிரி வேர்த்துச்சு."

"அப்ப நல்லாவே இருக்கும். கழட்டிப் போடு."

நூர்ஜமால் சன்னலில் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனின் அண்ணன் எதிரில் குரலை உயர்த்தக் கூடாதே என்று, பல்லைக் கடித்தபடி, அழுகையும் சிரிப்புமாக அந்தக் கோட்டு பறந்து விழுவதைப் பார்த்தாள். ஜோலமன் நாக்கைச் சொடுக்கினான். ஒட்டகம் எழுந்தது. முகர்ந்தது. அடுத்த நொடி பொங்கியது பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் மடக்கிக் கோட்டின் மேல் விழுந்தது, நெஞ்சால் தேய்த்தது, எழுந்து மிதித்தது, பல்லால் கவ்வி உதறியது, மறுபடி விழுந்தது. கைகள் வேறு, உடல் வேறு என்று கிழிந்தபின்பும் விடவில்லை. தன் முதுகே அங்கே கிடப்பதுபோலச் சகிந்திக்குக்கு எலும்பெல்லாம் வலித்தது. கடைசியில் ஒட்டகம் ஒரு நீண்ட மூச்சு விட்டது. அசிங்கத்தைத் தாண்டுவதுபோலக் கந்தலைத் தாண்டிப் போய், அவிழ்ந்து கிடந்த வைக்கோல் கட்டில் வாயை வைத்தது.

சகிந்திக் உள்சட்டையோடு இறங்கினான். ஒட்டகத்தின் பக்கத்தில் போய் நின்றான். அது அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அதுக்குத் தீந்துடுச்சு," என்றான் ஜோலமன். பழைய கோட்டை எடுத்து உதறி, நுரையும் மயிருமாக அப்படியே தம்பியின் தோளில் போர்த்திவிட்டு, வேலிச் சந்தைப் பார்த்து நடந்தான்.

"உனக்கு?"

ஜோலமன் நின்றான். திரும்பவில்லை.

அந்த ஊரில் தொப்பியை யாரும் தரையில் வைக்க மாட்டார்கள். வீட்டுக்குள் கூட உயரத்தில்தான் மாட்டுவார்கள். சகிந்திக் தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றினான். முன்னால் ஓடிப்போய் அண்ணனின் கால் முன்னே பனியில் போட்டான். அவன் வழுக்கை மண்டையிலிருந்து ஆவி கிளம்பியது.

"மிதி, அண்ணே."

"பைத்தியமாடா உனக்கு? தொப்பிய மிதிச்சா தலைக்கு ஆகாது."

"என் தலைதானே. மிதி."

கார்கள் கடைசித் திருப்பத்தைத் தாண்டிவிட்டன. ஜோலமன் தொப்பியைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். காலணியின் நுனியால் பட்டும் படாமலும் ஒரு தடவை தொட்டான். பிறகு குதிகாலை வைத்தான்.

"மூக்குல அடிச்சதுக்கு," என்றான் மெதுவாக.

அடுத்ததற்குக் குரல் கொஞ்சம் ஏறியது. "பொட்டை ஒட்டகங்க முன்னாடி வெச்சு அதோட மானத்த வாங்குனதுக்கு!" பிறகு இரண்டு காலும் சேர்ந்துகொண்டன. "அப்பாவப் பத்திப் பேசுனதுக்கு!" தொப்பி பனிக்குள் புதைந்தது. அறுபதை நெருங்கிய அந்தப் பெரிய உடம்பு எகிறி எகிறிக் குதித்தது. கண்ணில் நீர் வழிந்து மீசையில் உறைந்தது. "என் மோல்டிருக்குச் சம்பந்தம் பேசுறாங்கன்னு, டேய், கடைக்காரன் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன்டா! கடைக்காரன் சொல்லி!"

வாசலில் கார்க் கதவுகள் திறந்தன. பொட்டலங்களும் கோட்டுகளுமாக இறங்கிய சம்பந்தி வீட்டார் அப்படியே நின்றார்கள். சகிந்திக் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் இருக்கா? மிதி, மிதி," என்று அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்றான். ஜோலமன் மிதித்துக்கொண்டிருந்தான். ஒட்டகம் மெல்லுவதை நிறுத்தி, கடைவாயில் ஒரு வைக்கோல் தொங்க, தலையைத் திருப்பி அவனையே பார்த்தது.