மூன்று பேர் பூட்டிய திரை

சுவரில் நீலக் கட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, சிக்னல் இல்லை என்று பத்தாவது தடவையாகச் சொன்னது புரொஜெக்டர். அதைத் தூக்கிச் செம்பனைக் காட்டுக்குள் வீசிவிடலாமா என்று வந்தது மாதவிக்கு. கம்பெனிக்காரர்கள் மூன்று மணிக்கு வருகிறார்கள். மணி ஒன்றரை ஆகிவிட்டது.

லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் அது. எண்ணெய்க்காக வளர்த்த செம்பனையை அழித்து வீடு கட்டப்போகிறது கம்பெனி. பழைய இடுகாட்டில் நாற்பது கல்லறைதான் இருக்கிறது, திங்கட்கிழமை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். நாற்பதாம்! நீலாய் ஃபாக்டரியில் வாரம் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகளையும் மாதவி அந்தப் புதருக்குள்தான் கழித்திருந்தாள். வெட்டி, அளந்து, பெயர் கேட்டு, வரைபடத்தில் ஏற்றியது இருநூற்றுப் பதினான்கு. நூற்று ஆறாவது அவள் அப்பா. இன்று அதைச் சுவரளவுக்குக் காட்டாவிட்டால் திங்கட்கிழமை புல்டோசர் இறங்கும்.

வரைபடத்தைப் பென்டிரைவில் யாருக்காவது கொடுத்து வேறு கணினியில் போடலாமே என்றால், போன வருஷம் அதுவரை வரைந்திருந்ததைக் கமிட்டியில் அப்படித்தான் வெளியாளுக்குக் கொடுத்தார்கள். அது கைமாறி, ஒரே வாரத்தில் ஆறு கல்லறைக் கல் காணாமல் போனது. அந்தக் கோபத்தில்தான் அவள் கோயில் கமிட்டி லேப்டாப்பில் ஓபன்பிஎஸ்டியைப் போட்டாள். பாதுகாப்பையே பிடிவாதமாக வைத்து எழுதிய இயங்குதளம். அதன் நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கும். ஆனால் அடுத்தவன் எழுதிய பூட்டிய நிரலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வராது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேண்டிய சின்னக் கோப்பைக் கூட நாம்தான் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அது இல்லாமல் லேப்டாப்பின் சொந்தத் திரை ஏதோ மங்கலாக ஒப்பேற்றும். புரொஜெக்டர் கண்ணே திறக்காது. கோப்பை இறக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அதற்கு நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். பென்டிரைவைத் திறக்கவும் அதேதான்.

வரைபட வேலைக்கு அவளுக்கென்று தனிக் கடவுச்சொல் உண்டு. நிர்வாகக் கடவுச்சொல் அவளிடம் இல்லை!

கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு. தலைவரிடம் ஒரு சாவி, பொருளாளரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று. மூவரும் வந்தால்தான் திறக்கும். லேப்டாப்புக்கும் அப்படியே செய்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். தலைவர் இராஜமாணிக்கம் கடவுச்சொல்லின் முதல் துண்டைத் தட்டினார், பொருளாளர் நல்லசாமி அடுத்ததை, செயலாளர் ராமசாமி கடைசியை. ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வந்தது திருவிழா ரதம். ஊர்வலத்தில் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று ராமசாமியும் நல்லசாமியும் முட்டிக்கொண்டு ஏழு மாதமாகப் பேச்சில்லை. மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைக்க அவள் கெஞ்சாத நாளில்லை.

"ராமசாமி வரமாட்டான்லா, விடு," என்றார் நல்லசாமி, கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடி.

"எதை மாமா விடச் சொல்றீங்க? எங்கப்பாவையா?"

மாதவி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள்.

ராமசாமி வாசலில் உட்கார்ந்து காலணிக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"நில்லுங்க மாமா! இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்த வீராப்பு? உங்க வீட்டு மயிலம்மாள் அத்தையும் அங்கதானே கிடக்குது? எண்பத்தேழாம் நம்பர். நான்தான் புல்லுக்குள்ள தேடி எடுத்தேன். நீங்க ரதத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குங்க, அத்தைய அவங்க வாரிக்கிட்டுப் போகட்டும்! வெக்கமா இல்ல?"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. ராமசாமி அவளைக் கையமர்த்தி உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நான் ஒண்ணும் போடலம்மா."

"என்னாது?"

"அன்னிக்கு. எனக்கு ஒரு எழுத்தும் தட்டத் தெரியல. இங்கிலீசு எழுத்து எனக்கு எங்க தெரியும்? தேடிக்கிட்டே நின்னேன். முடிஞ்சுதான்னு நல்லசாமி கேட்டான். முடிஞ்சுதுன்னுட்டேன். உறுதி பண்ண மிஷினு ரெண்டாந்தடவ கேட்டப்பவும் அதேதான். என்னா தட்டினாலும் திரையில தெரியாதுன்னு நீ சொன்னில்ல."

தோட்டத்திலேயே முத்து முத்தாகத் தமிழ் எழுதுகிற மனிதர். கமிட்டி அறிக்கை எல்லாம் அவர் கைதான். திரும்ப வந்து தட்டச் சொன்னால் மானம் போய்விடுமே என்றுதான் ரதத்தைச் சாக்காக வைத்துச் சண்டை பிடித்திருக்கிறார். மூன்றாவது துண்டே இல்லாத கடவுச்சொல்; மற்ற இருவரும் எந்த நாளிலும் திறந்திருக்கலாம். ஏழு மாதம்!

"ஒரு நம்பராவது போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல மாமா! ஒண்ணு ரெண்டு கூடவா தெரியாது?"

"நம்பர் போடக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன. பொறந்த வருசத்தக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

அன்று தான் பெரிய வாத்தியார் மாதிரி விரலை ஆட்டிச் சொன்னது மாதவிக்கு நினைவுக்கு வந்தது. அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது.

"சட்டையப் போடுங்க மாமா. ஏறுங்க," என்றாள்.

மண்டபத்தில் இராஜமாணிக்கம் தன் துண்டைத் தட்டினார். நல்லசாமி தட்டினார். ராமசாமி முன்னால் வந்தபோது அன்றைப் போலவே இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அவர் விரல் எழுத்துகளின் மேல் ஊர்ந்தது; எதையும் தொடவில்லை. மாதவி பக்கத்திலிருந்து கையை நீட்டி என்டரை அழுத்தினாள்.

திறந்தது.

கைப்பேசியைக் கேபிளால் செருகி இணையம் கொடுத்தாள். கோப்பு இறங்கியது. அணைத்துப் போட்டாள். லேப்டாப் எழுந்தபோது சுவரின் நீலம் போய், இடுகாடு மண்டபத்தின் அகலத்துக்கு விரிந்தது. இருநூற்றுப் பதினான்கு பெயரும் தமிழில் இருந்தன. வெளியே கம்பெனிக் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பாத்தியா," என்றார் நல்லசாமி, ஏழு மாதத்துக்குப் பிறகு ராமசாமியின் முகத்தைப் பார்த்து. "நீ இல்லாம திறக்காதுடா."

ராமசாமி அவளைப் பார்த்தார். மாதவிக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, கண் வேறு எரிந்தது.

"ஆமா, திறக்காது," என்றாள். "மாமா, கம்பெனிக்காரன் உள்ள வந்ததும் ஒண்ணாம் நம்பர்லேருந்து பேரைப் படிங்க. சத்தமாப் படிங்க. கடைசிப் பேரு வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது."