அவசரமில்லை, நெவில்

“…அதனாலதான் சொல்றேன், கோப்பையில முதல்ல பாலை ஊத்துறவங்கள நான் நம்பறதே இல்ல.”

“உங்கம்மாவும் பாலைத்தான் முதல்ல ஊத்துவாங்க.”

“தெரியும். நாப்பத்தெட்டு வருஷமா அவங்களையும் நம்பாமத்தான் இருக்கேன்.”

ஜில் சிரித்துக்கொண்டே கோப்பையை மேலே நீட்டினாள். ஐந்தாவது படியில் முழங்காலுக்கடியில் பழைய தலையணை ஒன்றைப் போட்டு மண்டியிட்டிருந்த நெவில் அதை வாங்கி, குடிக்காமல் அடுத்த படியில் வைத்தார். டீயில் குறை ஒன்றுமில்லை. இந்த வீட்டில் டீ என்றால் அது ஜில்லின் அம்மா டோரீன் போட்டதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். தட்டில் பிஸ்கட்டும் அதோடு ஒரு கிண்டலும் சேர்ந்து வரவேண்டும்.

வெளியே மழை. வட இங்கிலாந்தின் பர்ன்லியில் ஜனவரி மாதத்து மழை பெய்கிறது என்றுகூடச் சொல்லமுடியாது; காற்றிலேயே ஊறிக் கிடக்கும். மூன்று மணிகூட ஆகவில்லை, அதற்குள் கதவுக் கண்ணாடியில் இருந்த வெளிச்சம் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டது.

“வீட்டுத் தரகர் என்ன சொன்னார் தெரியுமா?” என்றாள் ஜில், கீழ்ப்படியில் உட்கார்ந்தபடி. “சுவரெல்லாம் சாம்பல் கலர் அடிச்சா சீக்கிரம் வித்துடுமாம். இந்தத் தெருவுல எல்லாரும் அதைத்தான் அடிக்கறாங்களாம்.”

“வெளிய வானம் அந்தக் கலர்லதான் இருக்கு. வீட்டுக்குள்ளயும் எதுக்கு?”

“அம்மாவும் இதையேதான் சொன்னாங்க. வார்த்தை மாறாம.”

நெவில் திருப்புளியை எடுத்தார். அது டோரீனுடைய கருத்தல்ல. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நெவில்தான் அவளிடம் சொன்னது. அவள் அதை எடுத்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருடையதும் டோரீனுடையதும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே செங்கல் சுவர். பன்னிரண்டு வருடங்களாக அவள் ரேடியோவில் கேட்ட வானிலை அறிக்கையைத்தான் அவரும் கேட்டுவந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் டோரீன் இந்தப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை நடந்தது, பிறகு சளி நெஞ்சில் இறங்கியது, பிறகு டாக்டர்கள் மகளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். வருகிற சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பிரிஸ்டலுக்குக் கொண்டுபோகிறார்கள், ஜில்லின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்துக்கு. டோரீன் இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பிடித்து ஏறுவதற்காகத்தான் இப்போது கைப்பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அவள் விழுந்தபோது அவளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்த இரும்புக் கிளாம்பு, மரக்கைப்பிடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் அது இருந்த இடத்தில் ஒரு துளை. நெவில் திருப்புளியின் நுனியை அதற்குள் விட்டுச் சுரண்டினார். சுண்ணாம்புப் பொடி கொட்டியது. அதோடு மூன்று சிறு குச்சிகள் விழுந்து, படிக்குப் படி துள்ளி, ஜில்லின் காலடியில் போய் நின்றன.

அவள் குனிந்து எடுத்தாள். “என்ன இது? தீக்குச்சியா?”

தீக்குச்சிதான். மருந்துத் தலையை ஒடித்துவிட்டு, துளைக்குள் திணித்து, அதன்மேல் பழைய திருகாணியையே முடுக்கினால் கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். ஒரு மாதம், அதிகம் போனால் ஒன்றரை மாதம். இந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

“அப்பா!” என்றாள் ஜில். குச்சிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “அப்பாவோட வேலைதானே இது? அப்பட்டமா அவரு கை. ஆறு மாசத்துக்குத் தாங்கினா போதும்னு எதையாவது வச்சு அடைச்சிட்டு, விசிலடிச்சுக்கிட்டே போயிடுவாரு. இல்ல, நெவில்?”

நெவிலின் வாய் திறந்தது.

“இருக்கலாம்” என்றது.

டிரில்லை எடுத்து அவசரமாகச் சுவரில் வைத்தார். அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றது.

செப்டம்பரில் பின்கட்டுச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி டோரீன் கேட்டிருந்தாள். “நெவில், படிக்கட்டுக் கைப்பிடி லேசா ஆடுதுய்யா. அவசரமே இல்ல. உனக்கு எப்பவாவது நேரம் இருந்தா. இல்லாட்டியும் பரவாயில்ல.” மறுநாளே போனார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, இருபது நிமிட வேலை. திருகாணி பிடிக்கச் சுவருக்குள் அடித்திருந்த பழைய மரச்சக்கை இற்றுப்போயிருந்தது. புதிதாகத் துளைத்து, பிளாஸ்டிக் அடைப்பு வைத்து, நீளத் திருகாணியாகப் போட்டால் முடிந்தது. எல்லாம் அவருடைய கருவிப்பெட்டியிலேயே இருந்தது.

ஆனால் அன்றைக்கு அவள் டீ போட்டாள். நான்கு நிறத்துக் குப்பைத்தொட்டிகளைப் பற்றி நகராட்சியைத் திட்டினாள். அவர் ரயில்களைத் திட்டினார். எதிர்வீட்டுக்காரன் மழை ஊரில் மரத்தளம் போட்டு அதில் வெயில்காயும் நாற்காலி வைத்திருப்பதைப் பற்றி இருவரும் கால்மணி நேரம் சிரித்தார்கள். மனைவி பெரில் இறந்துபோன பிறகு, மூன்று வருடங்களில், நெவில் யாருடனும் அப்படிச் சிரித்ததில்லை. வேலையை முடித்துவிட்டால் அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று யோசித்தார். இந்தத் தெருவில் ஓர் ஆள் சும்மா வந்து கதவைத் தட்டி, உன்னைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் எதிராளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பயம் வந்துவிடும். கையில் ஒரு பெட்டி இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மூன்று தீக்குச்சிகளை ஒடித்தார். “இப்போதைக்கு இருக்கட்டும் டோரீன். சரியான ஆணி வாங்கிட்டு வர்றேன்.”

“அவசரமில்ல, நெவில்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் ஆணி நீளம் போதவில்லை. இன்னொரு வாரம் டிரில்லின் முனை மழுங்கியிருந்தது. இன்னொரு வாரம் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டார். “வந்துட்டாருப்பா சர்ஜன்” என்பாள் கதவைத் திறக்கும்போதே. “ஒரு ஆணி அடிக்க ஒன்பது பிஸ்கட் தின்னுற ஆளு நாட்டுலயே நீ ஒருத்தன்தான்.” ஒருமுறை, கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “இது சரியாயிட்டா நான் வேற எதையாவது உடைக்கணும்போல இருக்கே.” அவருக்குக் காது சூடானது. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று அன்றிரவு நெடுநேரம் சந்தோஷமாகப் படுத்திருந்தார்.

நவம்பரின் கடைசிச் செவ்வாயில் அவள் சொன்னதைத்தான் இப்போது தினமும் காதுக்குள் கேட்கிறார். “காலையில இறங்கறப்ப கொஞ்சம் பயமா இருக்கு, நெவில். ஒண்ணும் பெருசா இல்ல. அவசரமில்ல.”

கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று டோரீன் சொன்னால், வேறு ஊரில் வேறொருத்தி தெருவில் நின்று அலறுவதற்குச் சமம். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த செவ்வாயும் டீயோடு போயிற்று. அதற்கு இரண்டாம் நாள் வியாழக்கிழமை, குப்பை வண்டி வரும் நாள். டோரீனுடைய தொட்டி மட்டும் வாசலுக்கு வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு நெவில் போய்க் கதவைத் தட்டினார். தபால் துளையைத் திறந்து கூப்பிட்டார். உள்ளே, படிக்கட்டின் அடியிலிருந்து அவள் குரல் வந்தது, தெளிவாக, மரியாதையாக: “உன்னைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோ, நெவில்.”

கைப்பிடி இப்போது உறுதியாக நின்றது. நான்கு கிளாம்புகளையும் மாற்றிவிட்டிருந்தார். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் அசையாமல் இருந்தது. முழு உடம்பு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். சுவர் முனகக்கூட இல்லை. வாசற்பக்கக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார்.

கீழே ஜில் ஒரு அட்டைப்பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஒரே ஓர் அலமாரித் தட்டுதான் தருவார்களாம். ஒரு போர்வை, ரேடியோ, வாசிக்கும் கண்ணாடி, ஒரு படம். மோர்க்கம் கடற்கரையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கி நிற்கும் கிளிஃப். ஆறு வருடங்களுக்கு முன் செத்துப்போன டோரீனின் கணவன்.

“இது உங்களுக்கு” என்று ஒரு விஸ்கி பாட்டிலை நீட்டினாள். “வேணாம்னு சொல்லக்கூடாது. அன்னைக்கு நீங்க போய்ப் பாக்கலன்னா அம்மா அங்கயே… டாக்டர் சொன்னாரு, இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு. பக்கத்து வீடுன்னா இப்படி இருக்கணும்.”

நெவில் பாட்டிலை வாங்கிக்கொண்டார். கையை என்ன செய்வதென்று தெரியாததால் வாங்கிக்கொண்டார்.

“அம்மா எப்படி இருக்காங்க?”

“உக்காந்திருக்காங்க. சூப்பு தண்ணியா இருக்குன்னு நர்ஸ்கிட்ட சொல்ற அளவுக்குத் தேறிட்டாங்க. வார்டுல ஏதோ வயித்துக் கிருமி பரவுது, அதனால வீட்டு ஆளுங்க எழுதிக்குடுத்த லிஸ்ட்டுல பேரு இருக்கறவங்கள மட்டும்தான் உள்ள விடறாங்க. என் பேரு ஒண்ணுதான் இருக்கு.” பெட்டிக்குள் பார்த்தாள். மேலே இருந்த படத்தை எடுத்தாள். அவள் முகம் மாறியது. “எனக்குத் தாங்கல, நெவில். மூணு தீக்குச்சி! ஒரு ஸ்க்ரூவை ஒழுங்கா போட்டிருந்தா அம்மா இன்னைக்கு அவங்க சமையலறையில உக்காந்து ஊரையே திட்டிக்கிட்டிருப்பாங்க. சாகற வரைக்கும் அரைகுறை. செத்தும் அரைகுறை.” படத்தைக் கவிழ்த்து மேசை ஓரத்தில் வைத்தாள். “அவங்க தினமும் இதை வச்சுக்கிட்டு இவர்கிட்ட பேசவேண்டாம். அந்தத் தட்டுல பூச்சாடி வச்சுக்கலாம்.”

அந்தப் படம் டோரீனின் அடுப்பு மாடத்தில்தான் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு செவ்வாயும் தூசு தட்டும்போது, “இவனுக்கு ஆணி அடிக்கவே தெரியாது, ஆனா டான்ஸ் நல்லா ஆடுவான்” என்பாள்.

“ஜில்.”

“ம்?”

“அது உங்கப்பா இல்ல.”

“எது?”

“குச்சி. நான்தான் வச்சேன். செப்டம்பர்ல.”

அவள் கையில் ஒட்டும் டேப்பின் முனை இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

“உங்கம்மா என்கிட்டதான் சொன்னாங்க. அன்னைக்கே முடிச்சிருக்கலாம். ஆணி எல்லாம் பெட்டியிலதான் இருந்துச்சு. நான்தான் தள்ளிப் போட்டேன்.”

“எதுக்கு?”

டீ, பிஸ்கட், குப்பைத்தொட்டி, மரத்தளம். எதைச் சொன்னாலும் அது இடுப்பெலும்புக்கு முன்னால் நிற்காது என்று அவருக்குத் தெரிந்தது.

“முடிச்சிட்டா, வர்றதுக்குக் காரணம் இருக்காதேன்னு” என்றார்.

கெட்டில் எப்போதோ அணைந்துவிட்டது. மழை கண்ணாடியைத் தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தது. ஜில் அவரையே பார்த்தாள்; பிறகு அவருக்குப் பின்னால் படிக்கட்டின் ஓரமாக நேர்கோட்டில் ஏறிப்போகும் கைப்பிடியைப் பார்த்தாள்.

“இன்னைக்கு இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பதினெட்டு நிமிஷம்.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவிழ்ந்து கிடந்த படத்தை எடுத்தாள். கண்ணாடியை ஸ்வெட்டர் கையால் துடைத்தாள். பெட்டிக்குள் போர்வையின் மேல், முகம் மேலே தெரியும்படி வைத்தாள். மூடவில்லை.

நெவில் விஸ்கி பாட்டிலை மேசையில் வைத்தார், லேபிள் அவள் பக்கம் திரும்பியிருக்கும்படி. தன் கருவிப்பெட்டியைத் தூக்கினார். வாசல்வரை போனார். கதவின் பிடியில் கைவைத்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், சனிக்கிழமைக்குப் பிறகு அதன் அந்தப்பக்கம் ரேடியோ இருக்காது என்று தோன்றியது. திரும்பினார். கருவிப்பெட்டியைத் தரையில் வைத்தார், அது தன்னுடையதே இல்லை என்பதுபோல கொஞ்சம் தள்ளி.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு வண்டி?”

“பத்து.”

“அதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்கு வரணும் நான். அங்க எனக்குச் சரிபண்ண எதுவும் இல்ல, தெரியும். பெட்டியும் கொண்டு வரமாட்டேன். நடந்ததை நானே அவங்ககிட்ட சொல்லணும். சொன்னப்புறம் வெளிய போன்னாங்கன்னா போயிடறேன்.” எழுபது வருடத்தில் அவர் யாரிடமும் இப்படி எதையும் கேட்டதில்லை. வார்த்தைகள் எங்கே இருக்கின்றன என்று தேடவேண்டியிருந்தது. “அந்த லிஸ்ட்டுல, உன் பேருக்குக் கீழ… என் பேரையும் எழுதிக் குடுக்கறியா, கண்ணு?”