வேலாயி ஒட்டிய காய்

இலங்கையில், பன்வில மலைத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மாத்தளைப் பாதையில் இறங்கினார்கள். மன்னாருக்குப் போய்ப் படகேறினால் ஊர். வேலாயியும் மூட்டை கட்டிவிட்டாள். புருஷனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். பிள்ளை இந்நேரம் பேச ஆரம்பித்திருக்கும்.

சும்மா போயிருக்கலாம். உச்சிக்காட்டுப் புதரில் இருந்த நீலப் பூவைப் பறித்துத் தலையில் வைத்ததுதான் வினை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் செடிப் பைத்தியம். அந்தப் பூவைப் பார்த்தவர் புதரைக் காட்டச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூவ மட்டும் வச்சுப் புதுச் செடிக் குலம்னு சொல்ல முடியாதாம் புள்ள. காயும் வேணுமாம்," என்று துரை பேச்சைத் தமிழில் சொன்னார் ஆட்களை மேய்க்கும் கங்காணி. "கொரங்கு திங்காம நீ காவல் இரு. காய் கெடச்சதும் போயிரலாம்."

பூவெல்லாம் உதிர்ந்தது. காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கடைசிக் கூட்டம் மறுநாள் புறப்படுகிறது. அதை விட்டால், யானைக் காட்டு வழியில் தனியாக ஒரு பெண் உயிரோடு போய்ச் சேர முடியாது. வேலாயிக்கு ஆத்திரமாக வந்தது. ஓடைக்கரையில் வேறேதோ செடியின் காயைப் பறித்து, பலாப்பால் தடவி, பூ விழுந்த காம்பில் ஒட்டினாள். பொய்தான். அவளை அங்கே கட்டிப்போட்டது மட்டும் நியாயமா?

காலையில் துரை துள்ளிக் குதித்தார். ஆசை கண்ணை மறைத்தது. காயை அறுத்தார், படம் வரைந்தார், துண்டுகளைச் சாராயப் போத்தலில் போட்டார். இந்தப் பூவுக்கு இந்தக் காய் உலகத்தில் எங்குமே கிடையாதாம். எப்படிக் கிடைக்கும்!

"அப்ப நான் போறேங்க," என்றாள்.

கங்காணி தலையைச் சொறிந்தார். "புதுக் குலந்தானாம். ஆனா மொளைக்கப் போட இன்னும் காய் வேணுமாம். ஒன் கை ராசியாம். அடுத்த பூ வரைக்கும் இங்கனயே இருக்கச் சொல்றாரு."

வேலாயி துரையின் காலில் விழுந்தாள். "சாமி, அது பொய்க் காயி. நாந்தான் பலாப்பால் வச்சு ஒட்டுனேன். என்னைய அடிங்க, ஆனா விட்ருங்க."

கங்காணி அதை இங்கிலீஷில் சொல்லக் கேட்டுத் துரை வாய்விட்டுச் சிரித்தார்.

"ஊருக்குப் போறதுக்காகப் பொய் சொல்றியாம்," என்றார் கங்காணி.

கீழே கடைசிக் கூட்டம் வளைவில் திரும்பி மறைந்தது. புதரை ஒட்டி அவளுக்குக் குடிசை போடத் துரையின் வேலைக்காரர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.