நடுவில் விட்டுப்போன விண்மீன்கள்

என் கணவர் எழுதிய கணினி நிரலில் தப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. மனைவிமார்களுக்கு இது புரியும். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் முதுகுக்கு முதுகு காட்டி வேலை செய்கிறவர்கள். நான் துடிக்கும் விண்மீன்களைத் தேடுகிறவள். அவற்றின் ஒளி சரேலென்று ஏறும், சாவகாசமாக இறங்கும், அரை நாளில் மறுபடி ஏறும். எல்லாம் பால்வீதி உருவான காலத்துக் கிழடுகள். துடிக்கும் வேகம் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். அப்படிக் கணக்குப் போட்டதில் வானத்தின் ஓர் ஓரத்தில் என் கிழடுகள் வரிசைகட்டி நின்றன. எப்போதோ நம் பால்வீதி விழுங்கிய குட்டி விண்மீன் கூட்டம் ஒன்றின் மிச்சம் என்று அடித்துச் சொன்னேன். வரிசையின் நடுவே மட்டும் பெரிய ஓட்டை.

“ஓட்டை இருக்கிறவரைக்கும் அது ரெண்டு கும்பல்தாம்மா. நம்ம ஆசைக்கு வரிசைன்னு சொல்ல முடியாது,” என்றுவிட்டார் எங்கள் தலைவி. இன்று மாலைக்குள் பதில் இல்லையென்றால் தொலைநோக்கி வேறு குழுவுக்குப் போய்விடும். என் மூன்று வருஷ உழைப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின், வேறு வகை என்று கணவரின் நிரல் கழித்துப்போட்ட விண்மீன்களைச் சும்மா புரட்டினேன். ஓட்டை இருந்த திசையில் மட்டும் அவை எக்கச்சக்கம். எல்லாம் ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் துடித்தன. எனக்கு எங்கேயோ இடித்தது.

“ஏங்க, அந்தப் பக்கத்தை நாம எப்படிப் பாத்தோம்?”

“ராத்திரிக்கு ஒரு தடவை. ஒரே மேகம், அவ்வளவுதான் கெடச்சுது.”

“தினம் ஒரே நேரத்துலயா?”

“ஆமா, அதுக்கென்ன...” அவர் நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பியது. “ஐயையோ!”

தினமும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, குழந்தை நடுவில் ஒரு தடவை அழுததா இரண்டு தடவை அழுததா என்று எப்படித் தெரியும்? இரண்டு துடிப்பை ஒன்றாக எண்ணிவிட்டிருந்தது நிரல். வேகத்தைத் திருத்தித் தொலைவைப் போட்டேன். ஒவ்வொன்றாக வந்து ஓட்டைக்குள் உட்கார்ந்தன. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் தலைவியின் அறைக்கு ஓடினார். “மேடம், தப்பு என்னோடது!” என்று அவர் கத்தியது இங்கேவரை கேட்டது. முதல் பரிசு வாங்கியவர் குரல் மாதிரி இருந்தது.

தலைவி வந்தார், பார்த்தார், மசியவில்லை. “ஓட்டைய மூடணும்னு நீயே கணக்கை வளைச்சிருக்கலாம். நமக்குப் பகலா இருக்கிறப்ப, உலகத்தோட அந்தப் பக்கத்துல இதை யாராவது பாத்திருப்பாங்கல்ல? அதை எடு.”

ஒரே ஒரு விண்மீனுக்கு அப்படிப் பதிவு கிடைத்தது. அதன் ஒளி இப்படித்தான் ஏறி இறங்கும் என்று நான் திருத்தி வரைந்த கோட்டின் மேல் அதைப் போட, என் கணவர் விசையைத் தட்டினார். கோட்டை விட்டு விலகினால் எல்லாம் போச்சு.

புள்ளிகள் விழுந்தன. நாங்கள் பார்க்காத அந்த இரண்டாவது துடிப்பில், ஒளி சரேலென்று ஏறும் இடத்தில், கோட்டின் மேலேயே, ஒன்றுகூடப் பிசகாமல்.

தலைவி நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி வரைபடத்தைத் திறக்கச் சொல்லி, வரிசையின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். ஓட்டை இருந்த இடத்தைத் தாண்டி, கடைசிப் புள்ளியையும் தாண்டி, நாங்கள் இன்னும் தொலைநோக்கியைத் திருப்பாத வெறும் கறுப்பில் விரல் போய் நின்றது.

“இங்க?” என்றார்.