ஊசி காட்டிய கிழக்கு

இடிமழை வந்தால் எங்கள் பாய்மரப் படகில் என்னென்ன செய்ய வேண்டும் என்று பதினொரு வரியில் எழுதி, சமையல் மேடைக்கு மேலே ஒட்டியவன் நான். படகு அத்தானுடையது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எந்தப் பரீட்சைக்கு என்று கேட்பார்.

அன்று பிற்பகல் மேற்கே வானம் கறுத்ததும் வரி பிசகாமல் செய்தேன். ரேடியோ, ஆழம் காட்டும் கருவி, வரைபடத் திரை எல்லாவற்றின் இணைப்பையும் பிடுங்கினேன். கையடக்க ஜி.பி.எஸ்ஸை ஓவனுக்குள் வைத்துக் கதவை அடைத்தேன். நாலு பக்கமும் உலோகம், மின்னல் தீண்டாது.

"நல்லா வேகட்டும்" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடியுமுன் பாய்மர உச்சியில் இடி விழுந்தது. கண்ணெல்லாம் வெள்ளை. காதில் ரீங்காரம், மூக்கில் கருகிய ரப்பர் வாடை. உயிரோடுதான் இருக்கிறோமா என்று மூவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்தோம். பிடுங்கி வைத்தும் பலனில்லை, திரைகள் அத்தனையும் செத்திருந்தன.

மழையில் கரை தெரியவில்லை. துறைமுகம் நேர் கிழக்கே; அதற்குச் சற்று வடக்கே பாறைகள். அத்தான் சுக்கானுக்கு முன்னிருந்த திசைகாட்டியைத் தட்டினார்.

"இதுக்குக் கரண்டும் வேணாம், கிரண்டும் வேணாம். கிழக்கே பிடி, மச்சான்."

பிடித்தேன். இருபது நிமிடம் கழித்து அக்காவுக்கு ஓவன் நினைவு வந்தது. கருவியை எடுத்து முடுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, வடகிழக்கே போறோம்னு காட்டுது. எதிர்ல பாறை."

அடி வாங்கி உளறுகிறது என்றார் அத்தான். ஊசி பொய் சொல்லாது என்றார். நானும் அதையேதான் நம்பினேன். அப்போது முன்னால் அலை உடையும் இரைச்சல் கேட்டது. யாரையும் கேட்காமல் சுக்கானை வலப்பக்கம் ஒடித்தேன். இடப்புறம், துடுப்பு நீட்டினால் தொடும் தூரத்தில், கறுப்பாக ஒன்று நுரை கக்கிக்கொண்டு கடந்தது.

துறைமுகத்தில் கருவி பழுதுபார்ப்பவர் ஊசியைப் பார்த்துவிட்டு, மின்னல் இறங்கியதில் அருகிலிருந்த இரும்பெல்லாம் காந்தமாகிவிட்டது, அதுதான் ஊசியை இழுக்கிறது என்றார்.

"பத்து வருஷமா இதை நம்பித்தான் உன் அக்காவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் அத்தான்.

அந்த இருபது நிமிடமும் ஊசி காட்டிய கிழக்கை நான் ஒரு பாகைகூடப் பிசகாமல் பிடித்திருந்தேன்.