அடுப்போரத்துப் பாட்டில்

மூக்கம்மாளின் அடுப்படியில் இந்துவுக்கென்று இருந்தது ஒரு தேங்காய்த் துருவிதான். அதையும் மாமியார் எடுத்துப் புழங்கி, இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாள். எஸ்டேட்காரர்கள் தொழிலாளருக்குக் கொடுத்த லயத்து வீடு மூக்கம்மாள் பேரில் இருந்தது. பள்ளிவாசல் ஊருக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் இன்னமும் கொழுந்து கிள்ளப் போகிறவள் அவள்தானே. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்பதுகூட அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். கல்யாணமாகி வந்த நாலு வருஷமாக இந்து இதை நினைத்து நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜோஜோ சார் பேச்சு வந்தது. சித்திரபுரத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, மீனோடு செடியும் வளர்க்கப் பார்த்தார். வைத்ததெல்லாம் அழுகிப் போயிற்று. ஜீப் ஓட்டுகிற இந்துவின் புருஷன் அஜய் தன் வீட்டில் அப்படி ஒரு தொட்டியைப் பச்சைப்பசேலென்று வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிடித்துவிட்டால் தொட்டியையும் ஹோம்ஸ்டேயையும் பார்த்துக்கொள்கிற வேலை. தங்குவதற்கு ஹோம்ஸ்டேக்குப் பின்னாலேயே ஒரு தனி வீடு. தனி வீடென்றால் தனி அடுப்படி. அதற்குமேல் அஜய் சொன்ன எதுவும் இந்துவின் காதில் ஏறவில்லை.

அந்தத் தொட்டியோடு அவன் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமா! தண்ணீருக்குள் இருக்கிற செடிக்குக் கரியமில வாயு வேண்டும். சிலிண்டருக்கு வழியில்லாமல், ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் போட்டுப் புளிக்க வைத்து, மூடியில் குழாய் சொருகித் தொட்டிக்குள் விட்டான். வாயு வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? பெரிய பெரிய குமிழியாக நேரே மேலே போய் வெடித்தது. செடி மஞ்சளாகவே நின்றது. பிறகு குழாய் முனையில் சன்னத் துளை போட்ட பீங்கான் வில்லையை மாட்டி, ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர் கீழே வைத்தான். மேலே ஏறப் பார்த்த பொடிக் குமிழிகளைத் தண்ணீர் கீழேயே அமுக்கிச் சுற்ற விட்டது. சுற்றிச் சுற்றியே அவை கரைந்து போயின.

"மேல வந்து வெடிச்சா வீணு. உள்ளயே கரையணும்," என்பான் அஜய். அப்புறம்தான் தொட்டியின் அடி முழுக்கப் பச்சை படர்ந்தது.

சனிக்கிழமை விடாத மழை. குளிரில் பாட்டில் அடங்கிப்போய், குமிழி நின்றுவிட்டது. அஜய் சவாரி போயிருந்தான். நாளைக்கு வருகிற மனுஷன் என்ன நினைப்பார் என்று இந்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் தோசை மாவு புளிக்காவிட்டால் அந்த லயத்தில் எந்தப் பொம்பளையும் செய்கிறதுதான், சட்டியை அடுப்போரம் நகர்த்துவாள். காலையில் மாவு பொங்கி நிற்கும். இதுவும் புளிக்கிற சமாசாரம்தானே என்று நினைத்தாள். தொட்டி முன்னறையில் அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. குழாய் கதவு வழியாக எட்டியது. சாயங்காலம் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் பாட்டிலையும் வைத்தாள். குமிழிகள் மளமளவென்று கிளம்பியதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் புது அடுப்படியே கண்ணில் தெரிந்தது. அஜய் நனைந்து வந்து, தொட்டிப் பக்கம் திரும்பாமலே படுத்துவிட்டான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் படுத்தாள்.

காலையில் மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பாட்டில் பொங்கி, வில்லையைப் பிய்த்துத் தள்ளி, உள்ளே இருந்ததெல்லாம் தொட்டிக்குள் வடிந்திருந்தது. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. வீடே கள்ளுக்கடை மாதிரி நாறியது.

அஜய் குழாயைப் பிடித்துக்கொண்டே அடுப்படி வரை வந்தான். பாட்டிலைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நாங்க தனியாப் போறது உனக்குப் பிடிக்கல. அதுக்காக இப்படியாம்மா பண்ணுவ?"

இந்து வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. நாலு வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஒரு நாள் அவள் வாங்கட்டுமே என்று ஒரு பாழாய்ப்போன எண்ணம் வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

மூக்கம்மாள் மகனைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தாள். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆமாடா. நான்தான் வச்சேன். மாவு மாதிரி பொங்கட்டும்னு வச்சேன்."

இந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷியையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கப்பட்டாள்.

ஜோஜோ சார் வந்தார், வாசலிலேயே மூக்கைப் பொத்தினார், டீகூடக் குடிக்காமல் போனார். அந்தப் பின்வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்த செய்தியும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. அஜய் தொட்டியைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டான். அம்மாவோடு பேச்சை நிறுத்தினான். அவள் ஊற்றிய தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மூக்கம்மாள் ஒரு வார்த்தை முனகவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இந்து தினமும் நினைத்தாள். நாள் போகப் போக அது இன்னும் முடியாத காரியமாயிற்று.

ஒரு சாயங்காலம் முன்னறையில் அஜய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூக்கம்மாள் மாவைக் கரைத்து, சட்டியை இந்துவின் கையில் கொடுத்தாள். அவனுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"இந்தா இந்து. இத எங்க வைக்கணும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே."

முன்னறையில் தட்டுச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது. மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ரகசியம் மாமியார் கையில் இருக்க, தான் இந்த வீட்டை விட்டு இனி எங்கேயும் போகப் போவதில்லை என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இந்துவுக்குத் தெரிந்துபோயிற்று. சட்டியை அடுப்போரம் வைத்தாள்.

"உப்பு போதுமா அத்தை?" என்று கேட்டாள். இதுவரை அவள் தானாக அப்படிக் கேட்டதே இல்லை.